தண்ணீர் விட்ட பெயிண்ட்

ஏரியூர்ப் பக்கம் எங்கள் மாரியம்மன் கோயில் சுவரில் அம்மன் படம் எழுத ஒரு ஓவியர் வந்திருந்தார். ஒல்லியான ஆள், காதோரம் நரை. யாரிடம் பேசினாலும் கை மட்டும் ஓயாமல் பிரஷ்ஷைத் தண்ணீர் மக்கில் முக்கி அலசிக்கொண்டே இருக்கும்.

வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அன்றைக்கு அம்மனுக்குக் கண் எழுத வேண்டும். அவர் பெயிண்டில் தண்ணீர் விடுவதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்பா, சாமி காரியத்துலயும் பால்காரனாட்டம் தண்ணி ஊத்தறியே!” என்று நாலு பேர் முன்னால் கத்தி, மக்கைக் கவிழ்த்துவிட்டேன்.

“இது அக்ரிலிக்குங்க அண்ணா. தண்ணியிலதான் கலக்கணும். காஞ்சிட்டா மழைக்கும் அசையாதுங்க” என்றார். முதல்நாள் எழுதிய அம்மனின் சேலையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக் காட்டினார். துணியில் துளிச் சாயம் இல்லை.

அதற்குள், கண் எழுத வைத்திருந்த மெல்லிய பிரஷ் பெயிண்டோடு வெயிலில் காய்ந்து குச்சியாக விறைத்துவிட்டது. அலசத் தண்ணீர்தான் இல்லையே. அவர் பழைய பிரஷ் ஒன்றின் முடியைக் கத்தரித்து மெலிசாக்க உட்கார்ந்தார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. “சாப்பிட்டீங்களா?” என்றேன்.

“அம்மனுக்குக் கண்ணு தொறக்கற வரைக்கும் விரதங்க அண்ணா.”

நான் ஆறு இட்லி தின்றுவிட்டுப் போயிருந்தேன். என்னை என்னவென்று நினைத்திருப்பார் அந்த மனுசன்? இன்றும் அம்மன் முன்னால் நின்றால் அதைத்தான் கேட்கிறேன்.