காலில்லாத ‘வ’

பத்தொன்பது வருடங்களாக அந்த பிஸ்கட் தொழிற்சாலைக்கு நாக்கு என்று ஒன்று இருந்ததென்றால் அது அவருடைய நாக்குதான். அதனால் காவலாளியிலிருந்து மேலாளர் வரை அவரை ‘நாக்கு சார்’ என்றே அழைத்தார்கள். அடுப்பிலிருந்து தட்டு இறங்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்து, கண்ணை மூடி, ஏழு முறை மென்று, “அனுப்பலாம்” என்பார். அந்த ஒரு சொல் விழாமல் எந்த லாரியும் வாசலைத் தாண்டியதில்லை. வெண்ணெய் வைக்கும் அறையில் யாரோ வெங்காயம் நறுக்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பிஸ்கட்டை மென்றே கண்டுபிடித்தார். நறுக்கியவர் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். அது வெட்கத்தால் வந்ததா வெங்காயத்தால் வந்ததா என்று விசாரணையில் கடைசிவரை தெரியவில்லை.

அப்பேர்ப்பட்ட நாக்கை அவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார். காப்பியை ஆறவைத்துத்தான் குடிப்பார். வீட்டில் சண்டை வந்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளும் அளவுக்கு வேகமாகப் பேசமாட்டார்.

இவ்வளவும் செய்து என்ன, நாக்கு ஒருநாள் செத்துப்போய்விட்டது. இஞ்சி பிஸ்கட்டும் எலுமிச்சை பிஸ்கட்டும் அட்டைப்பெட்டியின் மூலையும் ஒரே மாதிரி இருந்தன. வெளியே சொன்னால் நாற்காலி போய்விடுமே! பதவிக்கு வந்தவர்கள் பலரும் செய்வதை அவரும் செய்தார். தெரிந்த மாதிரியே இருந்தார். அடுப்புப் பிரிவு அக்காவும் தட்டிலிருந்து ஒன்றைத் தின்பது வழக்கம். அக்கா முகம் சுளிக்காவிட்டால் இவர் “அனுப்பலாம்” என்று கையெழுத்துப் போட்டார். அக்காவோ, “நாக்கு சாரே கையெழுத்துப் போடறப்போ நமக்கென்ன” என்று முகத்தைச் சுளிக்காமல் வைத்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டில் ஏழு மாதம் லாரிகள் நேரம் தவறாமல் போயின.

எட்டாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டு, ‘உங்கள் பிஸ்கட் நன்றாக இல்லை’ என்று ஒரே வரி எழுதியிருந்தார்கள். எந்த பிஸ்கட் என்று எழுத அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

மேலாளர் அம்மா அவரை அறைக்குள் அழைத்தார்.

“என்ன சார் இது?”

“சின்னப் பசங்க மேடம். விளையாட்டா எழுதியிருப்பாங்க.”

“முப்பத்திரண்டு பேருமா? அடுத்த மாசக் கடைசியில தலைமை அலுவலகத்துலருந்து ரெண்டு பேர் வர்றாங்க. அஞ்சு தட்டு வைப்போம். எதுல என்ன இருக்குன்னு நீங்க சொல்லணும். சொல்லலைன்னா அட்டைப்பெட்டிப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு.”

அட்டைப்பெட்டிப் பிரிவில் நாக்குக்கு வேலையே கிடையாது. உறையை ஒட்டக்கூட இயந்திரம் வந்துவிட்டது. இன்னும் ஐந்து வருடப் பணிக்காலத்தைப் பெட்டி மடித்துக் கழிப்பதை நினைத்தபோது அவருக்கு வாய் கசந்திருக்க வேண்டும். கசக்கவில்லை. அதுதானே வியாதி.

இப்படிப்பட்ட நேரத்தில் நாகரிகமான மனிதர் செய்யக்கூடியது ஒன்றுதான். மருந்துக்கடைக்குப் போனார். கூடவே மனைவியும் போனார். வீட்டின் மாத்திரைப் பெட்டிக்கு முழு அதிகாரி அந்த அம்மாதான்.

“நாக்குல ருசியே தெரியலைங்க.”

“அதுக்கு ஒண்ணு இருக்கு சார்” என்றார் மருந்துக்கடைக்காரர். “என்ன, கொஞ்சம் தலை சுத்தும்.”

“ஐயையோ, அப்புறம்?”

“அதுக்கும் ஒண்ணு இருக்கு.”

நாக்கு சார் தலையாட்டிவிட்டார். தடுத்தது மனைவிதான். தடுத்த காரணத்தைப் பதிவு செய்வது அவசியம். “பெட்டியில இடம் இல்லைங்க. ஒரு நாளைக்கு ஒன்பது அறைதான். ஒன்பதும் நிரம்பியாச்சு. பத்தாவதை எங்க வைக்கிறது? டாக்டரைப் பார்த்து எதையாவது கொஞ்சம் நகர்த்த முடியுமான்னு கேட்டுட்டு வந்துடலாம்.”

அந்த ஒன்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். தனித்தனி மாத்திரைகளாக இருந்தால் மருத்துவக் கணக்கு. இது ஒரு கூட்டுக்குடும்பம். மூத்தவர் இளம்பச்சை. அவர் எப்போது வந்தார், எதற்கு வந்தார் என்று யாருக்கும் நினைவில்லை; காலையும் மாலையும் முதல் மரியாதை அவருக்குத்தான். அவர் வந்த கொஞ்ச நாளில் வயிறு எரிந்தது. எரிச்சலுக்கு வெள்ளை வந்தது. ரத்த அழுத்தம் ஏறியது, ரோஸ் வந்தது. ரோஸ் வந்த கையோடு வறட்டு இருமலைக் கூட்டிவந்தது, இருமலுக்கு மஞ்சளைக் கட்டிவைத்தார்கள். மஞ்சள், வேலை நேரத்தில் தூங்கவைத்தது. தூக்கத்தை விரட்ட வந்த பழுப்பு, படுக்கையிலும் விழிக்கவைத்தது. ஆகவே நீலம். இத்தனை பேர் உள்ளே போனதில் வெளியே போகவேண்டியது போக மறுத்தது. அதற்கு ஓர் ஆரஞ்சு. இவ்வளவையும் தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா? சத்து மாத்திரை இரண்டு. மாமனார், மருமகள், சம்பந்தி என்று ஒருவர் செய்த குறும்பை அடுத்தவர் சமாளித்துக்கொண்டு, குடும்பம் பிரியாமல் ஒற்றுமையாக இருந்தது.

தொழிற்சாலையில் இதெல்லாம் பெருமைக்குரிய விஷயம். மதிய இடைவேளையில் டப்பாக்கள் இரண்டு சுற்றாகத் திறக்கும். முதல் சுற்று சாப்பாடு, அடுத்த சுற்று மாத்திரை. “உங்களுக்கு எத்தனை?” என்று கேட்பார்கள். ஒன்பது என்றால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பொட்டலம் கட்டும் பிரிவில் ஒருவர் நாற்பத்தைந்து வயதாகியும் ஒன்றுகூட இல்லாமல் இருந்தார். “பாவம், நல்ல டாக்டர் அமையலை போல” என்று எல்லோரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள்.

பழைய குடும்ப டாக்டர் ஓய்வு பெற்று, அவர் நாற்காலியில் இப்போது ஓர் இளம் டாக்டரம்மா இருந்தார். இடம் கேட்டு வந்த தம்பதியை உட்காரவைத்து, ஒருநாளைக்கான ஒன்பதையும் மேசையில் கொட்டச் சொன்னார். பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்து, இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல மனைவி சொல்லிக்கொண்டே வந்தார்.

“இந்த இளம்பச்சை?”

வாய்ப்பாடு நின்றுவிட்டது.

“அது... ரொம்ப வருஷமா இருக்கு டாக்டரம்மா.”

“எத்தனை வருஷமான்னு கேட்கலைம்மா. எதுக்குன்னு கேட்டேன்.”

“எதுக்குன்னா... அது இல்லாம நாங்க ஒரு நாளும் இருந்ததில்லைங்க.”

டாக்டரம்மா பழைய கோப்பைப் புரட்டினார். குடும்ப டாக்டர் எழுதியிருந்தார்: ‘இளம்பச்சை மாத்திரை எலும்பு மருத்துவர் கொடுத்தது. தொடரவும்.’ நாலு தாள் தள்ளி எலும்பு மருத்துவரின் கடிதம் இருந்தது: ‘குடும்ப மருத்துவர் கொடுத்துவருகிறார். தொடரவும்.’ இரண்டு பெரியவர்களும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த மரியாதையில் குறையே சொல்ல முடியாது.

“முதல்ல வாங்கின கவர் எங்கயாவது இருக்கா?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல மனைவி எழுந்தார். எந்த மருந்துக் கவரையும் அவர் தூக்கிப்போட்டதில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு அரைமணியில் திரும்பினார். ஆறு வருடத்துக் கவர்களில் அடியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரரின் கையெழுத்தில் மூன்றே வார்த்தை: ‘முட்டி. உ.பி. 2 வ.’

“முட்டியா!” என்று நாக்கு சார் துள்ளினார். “மாவுக் கிடங்குப் படியில வழுக்கி விழுந்தேனே, அப்போ வாங்கினது! அது பத்தே நாள்ல சரியாப் போச்சுங்களே!”

“உ.பி.ன்னா உணவுக்குப் பின். சரி. இந்த 2 வ?”

“ரெண்டு வேளை” என்றார் மனைவி, சந்தேகமே இல்லாமல்.

மருந்துக்கடை பக்கத்துக் கட்டடம்தான். ஆளை வரச்சொன்னார்கள். கடைக்காரர் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தன் கையெழுத்தை உடனே அடையாளம் கண்டு மகிழ்ந்தார்.

“ரெண்டு வாரம்” என்றார்.

“வேளைங்க!”

“வாரம்தான்மா. இந்த மாத்திரையை யாரு ரெண்டு வாரத்துக்கு மேல கொடுப்பாங்க?”

“நீங்கதானே ஆறு வருஷமா கொடுக்கறீங்க!”

டாக்டரம்மா குறுக்கிட்டார். “வாரம்னா ‘வா’ இல்ல வரணும்? கால் எங்க?”

“கடையில கூட்டம் நெரியும் டாக்டர். அவசரத்துல கால் போடறதில்ல. கொம்பும் போடறதில்ல. வெறும் எழுத்துதான்.”

“நல்லா இருக்கே அண்ணே!” என்றார் மனைவி. “முட்டி வலின்னு நொண்டிக்கிட்டு வந்த மனுஷனுக்கு ஒரு கால் போட உங்களுக்கு நேரமில்லையா?”

கடைக்காரர் கவரை மேசையில் வைத்தார். “மாசாமாசம் காலி அட்டையைக் காட்டிக் கேட்டீங்க. இவ்வளவு நாள் சாப்பிடறாங்கன்னா காரணம் இல்லாமலா இருக்கும்னு நினைச்சேன்.”

“நீங்க கொடுக்கறீங்கன்னா காரணம் இல்லாமலா இருக்கும்னு நாங்க நினைச்சோம்.”

ஆக, ஒரு துணைக்கால் விட்டுப்போன இடத்தில் இரண்டு வாரம் இரண்டு வேளையாகி, ஆறு வருடம் வயிற்றை எரித்து, அழுத்தத்தை ஏற்றி, இருமவைத்து, தூங்கவைத்து, எழுப்பி, கடைசியில் நாக்கையும் கொன்றிருந்தது. தமிழாசிரியர்கள் எழுத்துப்பிழைக்குப் பிரம்பை ஓங்கியபோது நாம் அதைக் கொடுமை என்று நினைத்துவிட்டோம்.

டாக்டரம்மா ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். முடிவைப் பார்த்தபின் ஒரு தாளில் வரிசை போட்டார்: எது முதலில் போகும், எது பாதியாகும், எது இருக்கும். “நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. நான் சொல்ற வரிசையில, நான் சொல்ற நாள்ல.” கால், கொம்பு, புள்ளி எல்லாம் போட்டு முழு வார்த்தைகளாக எழுதிக் கொடுத்தார்.

“நாக்கு திரும்பிடுமா டாக்டரம்மா? அடுத்த மாசக் கடைசியில எனக்குப் பரீட்சை.”

“திரும்பலாம். திரும்ப லேட்டாகலாம். பரீட்சைத் தேதி உங்க நாக்குக்குத் தெரியாதே சார்.”

முதலில் இளம்பச்சையை அனுப்பினார்கள். பிறகு வயிற்றெரிச்சல் தானே அடங்கியது. ரோஸுக்குப் பதில் இருமலை அழைத்துவராத ஒன்று வந்ததும் மஞ்சளும், மஞ்சளோடு பழுப்பும் நீலமும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஐந்தாவது வாரத்தில் மிஞ்சியவை இரண்டே. மனைவிக்குத்தான் வீடு வெறிச்சென்று இருந்தது. “ஏழு அறை காலியா கிடக்கறதைப் பார்த்தா மனசு கேட்கலைங்க” என்று அவற்றில் பொத்தான்களையும் ஊசிகளையும் போட்டுவைத்தார். பெட்டியைத் தூரத்தில் வைக்கும்படி நாக்கு சார் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

நாக்கு மட்டும் வரவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் உப்பை வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பா உப்பா என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் மேலாளர் அம்மாவின் மேசையில் ஐந்து தட்டுகள். எதிரே தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இருவர், ஒருவர் உயரம், ஒருவர் கண்ணாடி. கதவோரம் அடுப்புப் பிரிவு அக்கா. அக்காவின் முகத்தைப் பார்த்துவிடக்கூடாதென்று அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முதல் தட்டு. கண்ணை மூடினார். மூன்று முறை மென்றார், மரத்தூள். ஐந்தாவது முறை, தெருக்கோடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல மெல்ல ஒன்று கேட்டது. ஏழாவதில் வாசலுக்கே வந்துவிட்டது.

“இஞ்சி” என்றார்.

மேலாளர் அம்மா கையிலிருந்த தாளில் குறியிட்டார். இரண்டாவதில், “எலுமிச்சை. தோல் மட்டும், சாறு இல்ல” என்றார். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறந்த குழந்தையை முதன்முறை பார்ப்பவர் போல நாக்கு சார் சிரித்துக்கொண்டே மூன்றாவதை வாயில் போட்டார்.

சிரிப்பு நின்றது. இனிப்பே இல்லை. சோடா உப்பு நாக்கைப் பிறாண்டியது. வடிவத்தை நாக்கால் தடவிப் பார்த்தார்: ஓரத்தில் பன்னிரண்டு பல், நடுவில் நாலு துளை. தொழிற்சாலையின் வெண்ணெய் பிஸ்கட். ஒன்பது மாதமாக அவர் கையெழுத்திட்டு அனுப்பியது.

‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் இந்த அறையில் மறுக்க ஆளில்லை. உண்மையைச் சொன்னால் நாக்கு பிழைக்கும், நாற்காலி போகும். ஒருமுறை அதிகமாகவே மென்றார்.

“இது கேவலமா இருக்கு மேடம்.”

“சார், அது நம்ம வெண்ணெய் பிஸ்கட்!”

“தெரியும். சர்க்கரை இல்ல, சோடா தூக்கல். எனக்கு ஒன்பது மாசமா ருசி தெரியலை. தெரியாமலேதான் கையெழுத்துப் போட்டேன்.”

மேலாளர் அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார். உயரமானவர் ஒன்று, கண்ணாடிக்காரர் ஒன்று. மூவரும் யோசனையோடு மென்றார்கள்.

“எனக்கு எப்பவும் போலத்தானே இருக்கு?” என்றார் உயரமானவர்.

“அருமையா இருக்கு” என்றார் கண்ணாடிக்காரர்.

“நீங்க தினமும் எத்தனை மாத்திரை சாப்பிடறீங்க சார்?” என்று கண்ணாடிக்காரரிடம் நாக்கு சார் பணிவாகக் கேட்டார்.

“ஆறு. ஏன்?”

“எனக்குப் பதினொண்ணு” என்றார் உயரமானவர், கொஞ்சம் நிமிர்ந்து.

மேலாளர் அம்மா கைப்பையை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளினார். பிறகு அடுப்புப் பிரிவு அக்காவை இயந்திரத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். கால்மணியில் அக்கா திரும்பிவந்து, சர்க்கரை இறங்கும் குழாயை அடைத்திருந்த கட்டியை மேசைமேல் வைத்தார். செங்கல்லுக்குத் தம்பி மாதிரி இருந்தது.

“நாலாவது, அஞ்சாவது தட்டு வேண்டாம்” என்றார் மேலாளர் அம்மா. “நாலு நாக்குல ஒண்ணுதான் வேலை செய்யுது. அதை அட்டைப்பெட்டிக்கு அனுப்பிட்டு நான் யாரை வெச்சு பிஸ்கட் பண்றது? ஆனா ஒன்பது மாசத்துக்கு ஏதாவது செஞ்சாகணும் சார். விதின்னு ஒண்ணு இருக்கில்ல?”

பணிப் பதிவேடு வந்தது. யோசித்து யோசித்து மேலாளர் அம்மா எழுதினார்: ‘மேற்படி ஊழியர் ஒன்பது மாதம் முறையாகப் பணிக்கு வந்திருந்தார். அவரது நாக்கு வரவில்லை. அது முன்னறிவிப்பின்றி எடுத்த விடுப்பு, அவருடைய மொத்த விடுப்பிலிருந்து கழிக்கப்படுகிறது.’

இனி ஓய்வு பெறும்வரை அவருக்கு ஒருநாள் லீவும் கிடையாது. முழுதாகப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்.