ஒன்பது கிராம்

நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிச்சுக்கோங்க. பேய், ஆவி, செய்வினை எதையும் நான் நம்பினதே இல்ல. பெங்களூரு பொம்மசந்திரால ஒரு கம்பெனில பதினெட்டு வருஷமா குவாலிட்டி செக்கிங் பண்றவன் நான், மைக்ரோமீட்டர் காட்டாத ஒண்ணு இருக்குன்னு யாராவது சொன்னா, போய் மொதல்ல கண்ணாடிய மாத்துங்கன்னு சொல்ற ஆளு. அப்படிப்பட்ட நானே இத சொல்றேன்னா பாத்துக்கோங்க.

ரிச்சர்ட்ஸ் டவுன்ல எங்க சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கற ஹால்ல, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சதும் காசு சேக்கறவங்க பத்துப் பதினஞ்சு பேரு கூடுவோம். சும்மா பழைய காசு இல்ல, தப்பா அச்சடிச்ச காசு. அங்க சேவியர்னு ஒரு அண்ணன், ரிட்டையர் ஆனவரு, அவரு வச்சதுதான் சட்டம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் சிக்பேட்டைல ஆசையா வாங்கிட்டு வந்த காச எல்லாரும் பாக்கத் தூக்கிக் காட்டி, "தம்பி, இது மின்ட்டுல அச்சடிக்கும்போது நடந்த தப்பு இல்ல, எவனோ பட்டறை வைஸ்ல வச்சு இறுக்கி நசுக்கினது"ன்னு சொல்லிட்டாரு. சொன்னது நெசந்தான், அதனாலதான் இன்னும் எரிஞ்சுது. அன்னையிலேருந்து எனக்குப் பேரே வைஸ் மாஸ்டர். என் பொண்டாட்டி பக்கத்துல இருக்கும்போதே அப்படித்தான் கூப்பிட்டாரு. நான் மறக்கல, மறக்கற ஆளும் இல்ல.

போன வருஷம் அவரு கையில ஒண்ணு சிக்குச்சு. பழைய கனமான அஞ்சு ரூவா இருக்குல்ல, வெள்ளையா, அது ஒன்பது கிராம் இருக்கணும். அவரு கொண்டு வந்தது ஆறு புள்ளி ஆறு ரெண்டு. அச்சடிக்கற தகடே சன்னமா வந்துட்டா இப்படி ஆகும், ரொம்ப அபூர்வம். ஆனா சாதாக் காச ஆசிட்ல போட்டு இளைக்க வச்சும் ஏமாத்துவாங்க. கண்டுபிடிக்கறது எப்படின்னா, ஆசிட் எல்லாப் பக்கமும் தின்னும், காசோட அகலமும் கொறையும். தகடு சன்னமா இருந்தா அகலம் அப்படியே இருக்கும், நடுவுல சிங்க முகம் மட்டும் முழுசா எழும்பாம மங்கலா இருக்கும்.

எங்க கூட்டத்துல ஒரு வழக்கம். கொண்டு வந்தவரு தன் காசத் தானே நிறுக்கக் கூடாது. இன்னொருத்தர் நிறுத்து, அளந்து, கவர் மேல முடிவ எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டுட்டா அப்புறம் யாரும் மறுபடி அளக்கக் கூடாது. இந்தச் சட்டமும் அவரு கொண்டு வந்ததுதான்.

அன்னைக்கு முறை என்னோடது. வெர்னியர் வச்சுப் பாத்தேன், அகலம் துளி கூடக் கொறையல, சுத்தமான காசு. "அகலம் என்னப்பா?"ன்னு கேட்டாரு. "கொறையுது அண்ணா, ஆசிட்டு. யாரு போட்டுக் குடுத்தது?"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு, கவர் மேல ஆசிட்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யின்னு அவருக்குத் தெரியும், ஆனா அவரு வச்ச சட்டமே மறுபடி அளக்க விடாது. எனக்கு எவ்வளவு சொகமா இருந்துச்சு தெரியுமா?

அப்புறம் அவரு ஹால் பக்கமே வரல. ஏமாத்துக்காரன்னு நாலு பேரு பேசினாங்க. நாலு மாசத்துல ஹார்ட் அட்டாக், போயிட்டாரு. கல்லறையில மண்ணு போட்டப்பகூட என் மனசு எளகல, மறைக்காம சொல்றேன்.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு அவரு சம்சாரம் ஸ்டெல்லா அக்கா அந்தக் கவரோட என் வீட்டுக்கு வந்துட்டாங்க. "தம்பி, அவரு ஏமாத்தற மனுஷன் இல்லப்பா. இத உங்ககிட்டயே குடுக்கணும், நீங்களே சொல்லணும்னு போறதுக்கு முன்னாடி சொன்னாரு. இது நல்ல காசா கெட்ட காசா, ஒரு வார்த்த சொல்லுங்க"ன்னு அழுதாங்க. அப்பதான் எனக்கு உள்ள ஏதோ ஒடஞ்சுது. ரூமுக்குள்ள போய் நிறுத்தேன், அதே ஆறு புள்ளி ஆறு ரெண்டு. வர்ற ஞாயித்துக்கிழமை ஹாலுக்கு வாங்கக்கா, எல்லார் முன்னாடியும் சொல்றேன்னேன்.

சொன்னேன். பட்டப்பகல், பதினோரு மணி, ஹால் நெறைய ஜனம். நான் பொய் சொன்னேன், அண்ணன் காசு சுத்தமானதுன்னு சொல்லி, கவர்லேருந்து என் கையாலேயே எடுத்துத் தராசுல வச்சேன்.

ஒன்பது.

எடுத்து மறுபடி வச்சேன், ஒன்பது. இன்னொருத்தர் தராசு, அதுலயும் ஒன்பது. சிங்க முகம் பளிச்சுன்னு நிக்குது. நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க, காச யாரும் மாத்தல. ஆனா அங்க என்ன நெனைப்பாங்க? "வைஸ் மாஸ்டர், சும்னே டிராமா போடாத, நல்லத எடுத்துக்கிட்டு சாதாவ வச்சுட்டியா?"ன்னு ஒருத்தன் கன்னடமும் தமிழுமாக் கேட்டான். ஸ்டெல்லா அக்கா எந்திரிச்சு, "அவர அவமானப்படுத்தி அனுப்பினது போதாதா, அந்தக் காசையும் தின்னுட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு, அத வாங்கிக்கக்கூடச் செய்யாம போயிட்டாங்க. புள்ளைங்க மேல சத்தியம் பண்ணேன், கத்தினேன், ஒருத்தர் கேக்கல. அண்ணன் பேரு சுத்தமாயிடுச்சு, என் பேரு நாறிப்போச்சு. எப்படிக் கணக்காப் பழி வாங்கினாரு பாருங்க!

வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு நிறுத்தேன். ஆறு புள்ளி ஆறு ரெண்டு. பொண்டாட்டியக் கூப்பிட்டேன், அவ வந்து நின்னா ஒன்பது. அவ வெளிய போனா மறுபடி ஆறு புள்ளி ஆறு ரெண்டு.

சரி, போன்ல வீடியோ எடுத்துக் காட்டிடலாம்னு தனியா உக்காந்து எடுத்தேன். கண்ணால பாத்த நம்பர, ஆறு புள்ளி ஆறு ரெண்டுன்னு, சத்தமாப் படிச்சும் வச்சேன். போட்டுப் பாத்தா தராசுல ஒன்பதுன்னு இருக்கு. அது கூடப் பரவால்ல சார். வீடியோல நானே "ஒன்பது கிராம்"னுதான் படிக்கறேன். உங்க குரல்தாங்கன்னு என் பொண்டாட்டி அடிச்சு சொல்றா. அழிச்சுட்டு மறுபடி மறுபடி எடுத்துப் பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒன்பதுன்னுதான் சொல்றேன். அதுவும் எவ்வளவு சந்தோஷமா சொல்றேன் தெரியுமா?