உறையக் கூடாத குப்பி

இதைக் கட்டுக்கதை என்பவர்கள், மரக்காணம் உப்பளத்தில் உச்சி வெயிலில் பத்து நிமிடம் தனியாக நின்றுவிட்டு வந்து பேசட்டும். 1978, சித்திரை மாதம், வியாழக்கிழமை. தனக்கோடிக்கு நிஜமாகவே நடந்தது இது.

இருபது வருடம் உப்பு வாரிய மனிதர். அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணைப் பாதி தின்றுவிட்டது. மெட்ராஸிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஜெயா, சிவந்து கிடக்கும் பாத்தித் தண்ணீரில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தாள். எட்டு மாத உழைப்பு, கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் அடங்கிவிட்டது. பம்ப் கொட்டகையில், ஐஸ் பெட்டிக்குள் அதைக் காப்பது தனக்கோடியின் பொறுப்பு. குப்பி பத்திரமாக மெட்ராஸ் போனால் அவருக்கு ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை. அப்புறம் உப்பில் கால் வைக்க வேண்டாம்.

புதன் மாலை திண்டிவனம் புறப்படும்போது, குப்பியைக் குலுக்கக் கூடாது என்றாள் ஜெயா. சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் உறையவே கூடாது, உறைந்தால் புரதம் கெட்டுவிடும், உருக்கினாலும் திரும்பாது என்று இரண்டு முறை சொன்னாள். காலை பஸ்ஸில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனாள்.

மறுநாள் பத்து மணிக்கே ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. பஸ் வரவில்லை. தனக்கோடி உப்புக் குவியலுக்கு ஓடினார். மீன் பெட்டிக்குச் செய்வதுபோல ஐஸ் மேல் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டார். உப்பு சேர்ந்தால் குளிர் ஏறும் என்று அந்தக் கடற்கரையில் யாருக்குத் தெரியாது? எவ்வளவு ஏறும் என்றுதான் தெரியவில்லை.

பன்னிரண்டு ஐந்து. மூடியைத் திறந்தார். குப்பிக்குள்... கல்லாக உறைந்திருந்தது.

பாவி மனிதர், உப்பையெல்லாம் வழித்துக் கொட்டினார். குப்பியை உள்ளங்கையில் வைத்து உருக்கப் பார்த்தார்.

பன்னிரண்டு பத்து. வாசலில் ஜெயா.

வந்த சத்தமே இல்லை. அந்த உப்புத் தரையில் நாய் நடந்தாலும் நறநறவென்று கேட்கும்...

ஒரு காலில் செருப்பு இல்லை. தரை கொதிக்கிறது. கால் அசையவில்லை.

"உப்பு போட்டீங்களா?"

நிரந்தர வேலை அவர் கண்முன் வந்து நின்றது.

"இல்லம்மா."

"நிஜமா சொல்லுங்கண்ணே."

"சத்தியமா இல்லம்மா."

கையை நீட்டினாள். குப்பியைக் கொடுத்தார். பட்ட விரல்கள்... ஐஸைவிடச் சில்லென்று இருந்தன.

திரும்பி நடந்தாள். சத்தமில்லை.

தடமும் இல்லை.

சாயங்காலம் பக்கத்துப் பாத்திக்காரன் கொளஞ்சி சைக்கிளில் வந்து சேதி சொன்னான். காலை பஸ் பெருமுக்கல் அருகே கவிழ்ந்துவிட்டதாம். ஜெயாவுக்கு அங்கேயே உயிர் போய்விட்டதாம்.

பஸ் கவிழ்ந்தபோது மணி காலை ஒன்பது நாற்பது.

அவள் உடலை அடையாளம் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார் தனக்கோடி. ஒரு காலில் செருப்பு இல்லை. வலது கை இறுக மூடியிருந்தது. விரல்களைப் பிரிக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. உள்ளே அந்தக் குப்பி. சித்திரை வெயில் அடித்த நாள், மணி ஆறரை... அது இன்னும் கல்லாகவே இருந்தது.

அவள் பையில் ஆய்வுக்கூடத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. போலீஸ்காரர் படித்துக் காட்டினார். தனக்கோடிக்கு வேலை கொடுங்கள், அவர் பொய் சொல்ல மாட்டார் என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கடிதத்தாலேயே வேலை கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.