சந்தனம் பூசிய டப்பா

ஓய்வு பெற்ற அரசு ஊழியனை நம்பி யாரும் ஒரு வேலையைக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் முதலில் அதற்கு விதிமுறை எழுதுவான். குடிநீர் ஆய்வகத்தில் முப்பது வருடம் மாதிரி பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டியவன் நான். இங்கே பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆசிரியர் சில பிளாஸ்டிக் டப்பாக்களை என்னிடம் கொடுத்து, தெரிந்தவர்கள் வீடுகளில் மாட்டச் சொன்னார். ரேடான் அளக்கும் டப்பாக்கள்.

ரேடான், மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் தானாகக் கிளம்பும் வாயு. தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வரும். காற்றோட்டம் இருந்தால் போய்விடும், இல்லாவிட்டால் தங்கிவிடும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம்.

கேட்டதும் அரியலூர் பக்கத்திலிருக்கும் அக்கா வீடுதான் ஞாபகம் வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அவள் மகன், அம்மா வெயிலில் வாடுகிறாளே என்று படுக்கையறைக்கு ஏசி போட்டிருந்தான். குளிர்ச்சி வெளியே போகக் கூடாதென்று இரண்டு வென்டிலேட்டர்களையும் செங்கல் வைத்துப் பூசச் சொல்லிவிட்டான். ஜன்னலைத் திறப்பதே இல்லை. தரையோ கோடு கோடாக வெடித்த பழைய சிமெண்ட் தரை.

ஆடி முடிந்ததும் டப்பாவோடு போனேன்.

"வாடையும் இல்ல, நெறமும் இல்லங்கிற. அப்புறம் இருக்குன்னு எப்படிடா சொல்ற?" என்றாள் அக்கா.

"சாமியும் அப்படித்தானக்கா?"

"சாமிய நம்புறேன். ஒன்னைய எதுக்குடா நம்பணும்?"

தலை உயரத்தில், சுவரிலிருந்து தள்ளி, மூன்று மாதம் தொங்க வேண்டும். தொடாதே, நகர்த்தாதே, துடைக்காதே என்று எழுதிப் பக்கத்திலேயே ஒட்டினேன். "இது வெறும் டப்பா இல்ல, கருவி. மரியாதையா நடத்து" என்று வாயாலும் சொல்லிவைத்தேன்.

வாரம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். தொங்குகிற டப்பாவைப் பார்க்க ஒன்றுமில்லைதான். ஆனால் 'ஆய்வு' என்று பெயர் வைத்தால் எங்கும் போகலாம் என்பது நான் உத்தியோகத்தில் கற்றது. அக்கா மொச்சைக் குழம்பு வைத்துக் காத்திருப்பாள். ஏசியின் ரிமோட்டுக்குத் துணியில் உறை தைத்திருந்தாள். நான் போனால்தான் அதைக் கழற்றுவாள். கல்யாணமாகிப் போன பிறகு அவளோடு அத்தனை மத்தியானங்கள் உட்கார்ந்து பேசியது அந்த மாதங்களில்தான். இப்போது நினைத்தாலும் அந்தக் குளிரும் மொச்சை வாசனையும் சேர்ந்தே வருகின்றன.

கார்த்திகையில் டப்பாவை இறக்கப் போனேன். புரட்டாசி பாதியில் விழுந்த காய்ச்சல் விட நாளானதால், அதுவரை போய்ப் பார்க்க முடியவில்லை. டப்பாவுக்குச் சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்திச் சரம். காற்று நுழைய வேண்டிய துளைகளையே தேடிப்பிடித்துச் சந்தனம் அடைத்திருந்தது.

"என்னக்கா இது?"

"கருவின்னு நீதான சொன்ன? ஆயுத பூஜைக்கு அருவாமனைக்கு வெச்சேன், ஏசிக்கு வெச்சேன். இத மட்டும் வுட்டா நல்லாவாடா இருக்கும்?"

என் விதிமுறையில் பொட்டு வைக்காதே என்று இல்லை. 'மாதிரி நிராகரிக்கப்பட்டது' என்று ஆசிரியருக்கு என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, புது டப்பா மாட்டினேன். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அக்கா அந்த அறையை மட்டும் விட்டுவிட்டாள்.

மாசியில் முடிவு வந்தது. இருக்கலாம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. வென்டிலேட்டர்களைத் திறக்க வேண்டும், தரை விரிசலை அடைக்க வேண்டும் என்றேன். அக்கா நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆசையா வெச்சுக் குடுத்தாண்டா. ஒடைச்சா மனசு வுட்டுப் போயிடாதா?"

"ஒனக்கு ஏதாவது ஆயிட்டா மட்டும் அவன் மனசு தாங்குமாக்கா?"

அன்றைக்குத் தட்டில் மோரைக்கூடக் கொஞ்சம் வேகமாகத்தான் ஊற்றினாள். இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"கொத்தனாரு வந்திருக்காரு. எந்தப் பக்கத்துல மொதல்ல ஒடைக்கிறதுன்னு கேக்குறாரு. சட்டுனு கெளம்பி வா."

விரிசல்களை அடைத்து, வென்டிலேட்டர்களைத் திறந்து, மறுபடி மூன்று மாதம் அளந்தோம். அளவு இறங்கிவிட்டது. அந்தச் செய்தியோடு நான் போயிருந்த மத்தியானம் மகன் வீடியோவில் வந்தான். "ஏசி நல்லா ஓடுதாம்மா?" என்றான்.

அக்கா போனைத் தூக்கி வென்டிலேட்டரைக் காட்டினாள். "ஒன் மாமன் ஒடைச்சுட்டான்டா. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

உத்தியோகத்தில் எத்தனையோ மேலதிகாரிகளின் பழியைச் சுமந்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் போனை வாங்கி, "ஆமாம் தம்பி, நான்தான் ஒடைச்சேன்" என்று சொல்லிவிட்டு, அதை அவளிடமே கொடுத்தேன்.