ஏலக்கூடத்துக்கு வாங்கிய குட்டிக் கீபோர்டு

1. தட்டு கேட்ட விலை

"ஏம்மா வசந்தி, இந்த லாட்ட நான் எப்பம்மா கேட்டேன்?"

வேலுச்சாமி அண்ணாச்சி என் மேஜை முன்னால் வந்து நின்றார். கேட்டது அவர் இல்லை, அவருடைய தட்டு என்று எப்படிச் சொல்வது?

மலைமேல் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலக்காய் ஏலக்கூடத்தில் சிஸ்டம் இன்சார்ஜாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். எங்கள் ஏலத்தில் கூச்சல் கிடையாது. வியாபாரிகள் வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சாம்பிள் காயைத் தட்டில் கொட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் என்டர் தட்டுவார்கள். ஒரு தடவை தட்டினால் ஒரு ரூபாய் ஏறும். ஒரு லாட், அதாவது ஒருத்தர் கொண்டுவந்த காய், விற்று முடிகிறவரை யார் தட்டியது என்று திரையில் வராது. பெரிய வியாபாரி கேட்கிறார் என்று தெரிந்தால் போதும், "அவருக்கு ஏதோ ஆர்டர் வந்திருக்குப்பா" என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதனால் எல்லோரும் எதிலும் பற்றில்லாத சாமியார் முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

மேஜையோ ஒடுக்கம். பெரிய கீபோர்டை வைத்தால் தட்டுக்கு இடமில்லை, ஆகவே தட்டு நம்பர் பேட் மேல் ஏறிவிடும். அங்கேயும் ஒரு என்டர் இருக்கிறது. அண்ணாச்சி காயைக் கிளறக் கிளற, தட்டு அந்த என்டரை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எதிராளி விடாமல் கேட்க, தட்டும் விட்டுக்கொடுக்காமல் ஜெயித்துவிட்டது.

"உங்க தட்டுக்கு நல்ல கண்ணு அண்ணாச்சி, காய் நல்ல பச்சை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சின்ன கீபோர்டா மாத்தச் சொல்லும்மா. இல்லேன்னா நான் மலைக்குக் கீழ நடக்குற ஏலத்துக்கே போய்க்கிறேன்."

2. கோயம்புத்தூர் சரக்கு

மேனேஜர் தாமஸ் சாரிடம் போனேன். சின்னதாக இருக்கணும், நம்பர் பேட் கூடாது, வயர் இருக்கணும் என்று சொன்னேன். வயர் இல்லாதது விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றேன். ஏல நடுவில் பேட்டரி தீர்ந்தால் அதற்கும் என் மேஜைக்குத்தான் வருவார்கள்.

"எல்லாம் செய்யாம். பட்ஜெட் மாத்ரம் சோதிக்கண்டா" என்றார் சார் மலையாளத்தில். எல்லாம் செய்து தருகிறேன், பட்ஜெட்டைப் பற்றி மட்டும் கேட்காதே என்று அர்த்தம். கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான்.

பிறகு ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போனவர், ஜீப் நிறைய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார்.

"கண்டோ வசந்தி! கேம் கீபோர்டு. மெக்கானிக்கல்! கடையில ஸ்டாக் தீர்க்கிற வில. லைட்டும் உண்டு!"

லைட் உண்டுதான். ஒவ்வொரு கீபோர்டும் மாரியம்மன் கோயில் சீரியல் செட் மாதிரி கலர் கலராக ஓடியது. ஆனாலும் அளவு சரியாக இருந்தது. பக்கத்தில் தட்டு அழகாக உட்கார்ந்தது. காய் சலிக்கிற மிஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலில்தான் நாங்கள் இருவரும் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டோம்.

3. வாயடைத்த ஏலம்

புதுக் கீபோர்டு போட்ட அன்று பேச்சியம்மாள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் நிலத்தில் ஏலக்காய்ச் செடி போட்டிருப்பவள். வழக்கமாக ஊர்க் கடையில் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தடவை புருஷனோடு சண்டை பிடித்துத் தன் காயை ஏலத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். கடை விலைக்குக் கீழே போனால் இனிமேல் வியாபாரப் பேச்சே எடுக்கக்கூடாது என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் லாட் வந்தது. என்டர் தட்டியதும் 'டடக்' என்று ஒரு சத்தம். கூடமே திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தது. அவர் காது சிவந்துவிட்டது. அடுத்து மூன்றாவது வரிசையில் ஒரு 'டடக்'. மறுபடியும் எல்லாத் தலையும் திரும்பியது. அதற்குப் பிறகு ஒருவரும் விரலை அசைக்கவில்லை.

ஏல மாஸ்டர் கெஞ்சினார். "கேளுங்கய்யா, காய் நல்லாருக்கு, கேளுங்க." யார் கேட்பார்கள்? அடுத்தடுத்த லாட்டெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போயின.

பேச்சியம்மாள் என் பக்கம் வந்தாள். "யக்கா, அடுத்தது என் காய்தான். கடைக்காரர் சொன்ன விலைகூட வராது போலயே. அந்த மனுசன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

நேராக அண்ணாச்சியிடம் போய்க் குனிந்து சொன்னேன். "அண்ணாச்சி, கன்ட்ரோல் கீயைத் தட்டினா விலை ஏறாது. சத்தம் மட்டும்தான் வரும்."

வியாபாரிக்கு விளக்கம் தேவையில்லை. இடது கையால் கன்ட்ரோலைத் தட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார், அவரும் தட்டினார். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கத் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம். யார் நிஜமாகக் கேட்கிறார், யார் சும்மா தட்டுகிறார் என்று கடவுளுக்கே தெரியாது. பேச்சியம்மாள் காயின் விலை ஏறியது. கடை விலையைத் தாண்டியது. அதற்கு மேலும் போனது.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் எனக்காகவா தட்டுனாக?"

"உனக்காக இல்ல, தங்களை மறைச்சுக்க."

"எதுக்கோ தட்டட்டும்க்கா. விலை வந்துச்சுல்ல."

4. இளையவர்களுக்கு

மறுநாளே சார் கீபோர்டுகளைத் திருப்பிக் கொண்டுபோய், சத்தம் வராத ரப்பர் மெம்ப்ரேன் வகையாக மாற்றிவந்தார். அதுவும் குட்டிதான், விலை இன்னும் குறைவு. லைட் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அளவு, வயர், விலை எல்லாவற்றையும் கடையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் வாங்கப்போகிற சாமானில் ஒன்றைக் கொண்டுபோய், வேலை நடக்கிற இடத்தில், வேலை செய்கிறவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். மொத்தமாக வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்த ஏலத்துக்குப் பேச்சியம்மாள் கையை வீசிக்கொண்டு வந்தாள். ஏலக்காய் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு அவள் புருஷன் பின்னால் வந்தார். "எங்க இறக்கணும்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"அவளைக் கேளுங்க" என்றேன்.