ஜெர்மன் நாடகத்தில் மேடையேறிய அம்மா

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதச் சாயங்காலம், கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கூடவே ஜெர்மன் வகுப்பு. ஜெர்மனிக்குப் போய் மேல்படிப்பு முடித்துவிட்டால் வாழ்க்கை செட்டில் என்று எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. வகுப்பு முடியும்போது ஜெர்மனிலேயே ஒரு நாடகம் போடுவது வழக்கம். பாதிப் பேர் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டு ஆட்களும் பார்க்கட்டும் என்று இங்கேயே வைத்தோம். அவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாதே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்!

கதையை நாங்களே எழுதினோம். நிலக்கரிச் சுரங்கத்தில் விபத்து. இறந்தவனைத் துணியால் மூடிக் கொண்டுவருகிறார்கள். முகத்தைக் காட்டச் சொல்லி மனைவி அழுகிறாள். பார்க்கிற நிலையில் இல்லை என்று மேஸ்திரி தடுக்கிறார். அவள் தலையாட்டி, 'சரி, கொண்டுபோங்கள்' என்கிறாள். அதோடு திரை. மனைவி வேஷம் எனக்கு. பிணமாகப் படுத்தவன் புதூர்ப் பக்கத்திலிருந்து வந்த வகுப்புத் தோழன். பிணமாகப் படுப்பது தெரிந்தால் அம்மா விடமாட்டார் என்று, வீட்டில் 'சின்ன வேஷம்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

நான் அழுது முடித்து, தலையை ஆட்டி, கடைசி வசனத்துக்கு வாயெடுத்தேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா விறுவிறுவென்று மேடையேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிணமாகப் படுத்திருந்தவனுடைய அம்மா என்று அப்போது எனக்குத் தெரியாது.

“ஏட்டி, தலைய ஆட்டிராத. எனக்கும் இப்படித்தான் சொன்னாவ. பாக்கக் கூடாதுன்னாவ. நானும் சரின்னு விட்டுட்டேன். நீ தொறந்து பாத்துரு தாயி.”

அவரே குனிந்து துணியை விலக்கினார். கரி பூசிய முகத்தோடு கிடந்தது அவர் பெற்ற பிள்ளை.

அலறப்போகிறார் என்று பயந்தேன். அவர் அலறவில்லை. முந்தானையால் கரியை மெதுவாகத் துடைத்துவிட்டு, “ஏலே, ஒங்க அப்பா மொகம்லா இது” என்றார். அவன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். பின்வரிசையில் சிலர் இதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தை என்னால் தாங்கவே முடியவில்லை.

அவனுக்கு அப்பா இல்லை என்பது மட்டும்தான் அதுவரை எங்களுக்குத் தெரியும். மற்றதைப் பிறகுதான் சொன்னான். அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பா பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் துணியால் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்களாம். அவிழ்க்காமலே எரித்துவிட்டார்கள்.

இன்றைக்கும் எங்கள் பக்கம் ஏதோ ஓர் ஆலையில் வெடித்துவிட்டது என்று செய்தி வந்தால், எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால், முகம் பார்க்க விட்டார்களா என்றுதான் என் மனசு கேட்கிறது.