புடவை விழும்வரை அடக்கிய மூச்சு

முதலில் மரத்துப்போனவை இடது கை விரல்கள். ஆவணி மாத முகூர்த்த வாரம். காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில், கல்யாணப் புடவைப் பிரிவில், ஒரு குடும்பத்துக்கு அரக்குச் சிவப்பில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முந்தானை விரலிலிருந்து நழுவியது. அடுத்து நெஞ்சில் ஒரு இறுக்கம். மூச்சை இழுத்தேன், போதவில்லை. இன்னும் இழுத்தேன், இன்னும் போதவில்லை. இங்கேயே செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அப்படியேதான் நினைத்தேன்.

கழிவறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக வடிந்தது. முகத்தைக் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டு, திரும்பி வந்து அதே புடவையை மடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணப் புடவை காட்டுகிறவளுக்கென்று எங்கள் கடையில் எழுதாத சட்டங்கள் உண்டு. தும்மக் கூடாது. கேட்ட நிறம் கடையிலேயே கிடையாது என்றாலும் "இல்லை" என்ற சொல் வாயில் வரக் கூடாது. முகூர்த்தப் புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும், கை நடுங்கவே கூடாது. கீழ்த்தளத்தில் காட்டன் புடவைகளோடு பல வருடம் நின்று, போராடி மாடிக்கு வந்தவள் நான். விஷயம் தெரிந்தால் மறுநாளே கீழே அனுப்பிவிடுவார்கள். நெஞ்சு அடைத்ததைவிட அந்த பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டாவது முறை வந்தது எங்கள் ஊர் ஏனாத்தூரிலிருந்து கடைக்குக் கிளம்பிய காலை பஸ்ஸில். பாதி வழியில் இறங்கி, ஒரு கடை வாசலில் உட்கார்ந்து என் கணவர் குமாருக்கு போன் செய்தேன். அவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் வேலை முடிந்து, அப்போதுதான் வீட்டில் படுத்திருந்தார். கண் சிவக்க பைக்கில் வந்து சேர்ந்தார்.

"கேஸா இருக்கும்மா. காலைல ஒண்ணும் துன்னாம ஓடிக்கினே இருந்தா இன்னா ஆவும்?" என்றார். ஆனாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டியை விட்டார். அது நல்லதாகப் போயிற்று. நெஞ்சில் வலியோ அடைப்போ வந்தால் நீங்களும் முதலில் இதயத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இது மனசுதான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

ஈசிஜி (இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் பதியும் சோதனை), ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். எதிலும் குறையில்லை. பணியிலிருந்த டாக்டர், "இது பேனிக் அட்டாக் (உடம்பில் ஆபத்து இல்லாதபோதும் திடீரென்று பொங்கும் கடும் பீதி) மாதிரி தெரியுதும்மா. மனநல டாக்டரைப் பார்த்துடுங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "நான் இன்னா பைத்தியமா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குமாரிடம் கத்தினேன். டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "இனிமே மெஷின்ல நிக்கும்போது போன் அடிச்சா எனக்கு வேலையே ஓடாது சுமதி. உனக்குத்தான் எதுனா ஆயிடுச்சோன்னு. எனக்காவது ஒரு வாட்டி வாம்மா" என்றார். அவரோடு போனேன்.

மனநல டாக்டர் என் வயதுப் பெண்மணி. வேலை என்ன என்று கேட்டார். புடவை காட்டுவது என்றேன்.

"எப்படிக் காட்டுவீங்க? செய்து காட்டுங்களேன்."

விளையாடுகிறாரோ என்று எரிச்சலாக இருந்தது. பரிசோதனைக் கட்டிலில் கிடந்த வெள்ளை விரிப்பை எடுத்தேன். இரண்டு நுனியைப் பிடித்து ஒரே வீச்சில் அவர் மேஜையின் மேல் விரித்தேன். அவருடைய பேனாக்கள் உருண்டு கீழே விழுந்தன. "பார்டர் பாருங்கம்மா" என்று பழக்கதோஷத்தில் சொல்லியும்விட்டேன். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "இன்னொரு தடவை விரிங்க, ஆனா மூச்சைக் கவனிங்க" என்றார்.

விரித்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கையை வீசும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கிறேன். துணி விழுந்து படியும்வரை விடுவதில்லை. அசங்காமல் நேராக விழ வேண்டும் என்று ஆரம்ப காலத்தில் பழகியது. சாதாரண நாளில் பெரிதாகத் தெரியவில்லை. முகூர்த்த வாரத்தில் ஒன்று மாற்றி ஒன்று விரித்துக்கொண்டே இருக்கும்போது, முழுதாக வெளியே விடாமலே அடுத்த மூச்சை இழுத்திருக்கிறேன்.

"இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, வேலை போயிடுமோன்னு பயம், எல்லாம் சேர்ந்திருக்கு. ஆனா இது உங்க கையில இருக்கிற விஷயம். மூச்சு முட்டும்போது இழுக்காதீங்க. விடுங்க" என்றார். குறைந்த அளவில் ஒரு மாத்திரையும் எழுதினார். தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இன்றுவரை நிறுத்தவில்லை.

பிறகு நான் செய்தவை ரொம்பச் சின்ன விஷயங்கள். புடவை விழும்போது மூச்சை விட்டேன். முதலில் புடவை கோணலாக விழுந்தது, பிறகு பழகிவிட்டது. மதியச் சாப்பாட்டை நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்ளாமல் பின் படிக்கட்டில் உட்கார்ந்து மென்று தின்றேன். பஸ்ஸில் கடையின் வாட்ஸ்அப் குழுவைத் திறப்பதை விட்டேன். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். இருக்கிற நேரத்தில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. லீவு வந்ததும் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் உடம்பு காத்திருப்பதில்லை.

சரியாகிவிட்டது என்று நம்ப ஆரம்பித்தேன். அடுத்த முகூர்த்த வாரத்தில் அது மறுபடி வந்தது.

பெரிய குடும்பம். மாம்பழ மஞ்சளில் முகூர்த்தப் புடவை முடிவாகி, இரண்டு கையில் ஏந்திக் கொடுக்கும் நேரம். விரல்கள் மரத்தன. மேனேஜர் சேகர் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். ஓடி ஒளிய முடியாது. இழுக்காதே, விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புடவையை விரித்துக் காட்டும் மெத்தையில் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் இருங்கம்மா. எனக்கு மூச்சு முட்டுது. உக்காந்துட்டுத் தரேன்" என்றேன். வாடிக்கையாளர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னாம்மா இது, முகூர்த்தப் பொடவை குடுக்குற நேரத்துல!" என்று எழுந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். வேறொரு பெண்ணிடம், வேறொரு புடவை எடுத்தார்கள்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். மூச்சு மெல்ல வெளியே போனது, பிறகு தானாக உள்ளே வந்தது. நான் சாகவில்லை. எதைக் கண்டு அத்தனை நாள் பயந்தேனோ அது கண்ணெதிரே நடந்து முடிந்திருந்தது.

மறுநாள் என்னைக் கீழே அனுப்பினார்கள். அழுதேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

தை மாதத்தில் சேகர் அண்ணன் கீழே வந்தார். "மேல ஆளு பத்தல சுமதி. வர்றியா?"

"வர்றேண்ணே. ஆனா எனக்கு ஒரு ஸ்டூல் வேணும். முடியலன்னா உக்காருவேன். பார்ட்டி எதிர்ல இருந்தாலும் உக்காருவேன்."

"எதுனா சொன்னாங்கன்னா?"

"நானே பேசிக்கிறேன்."

அவர் தலையாட்டிவிட்டு மாடி ஏறினார். ஸ்டூல் வந்தது.

போன வாரம் அதில் உட்கார வேண்டி வந்தது. எதிரே ஒரு கல்யாணப் பெண், சுற்றிலும் ஆளாளுக்கு ஒரு நிறம் சொல்லும் உறவினர்கள். அவள் மட்டும் என்னைக் கவனித்துவிட்டாள். "இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?"

"ஆமாம்மா. இப்ப போயிடும். நீ பொறுமையா பாரு."

"பொறுமையா பாக்கணும்னுதான் காலையிலேர்ந்து நெனைச்சிக்கினு இருக்கேன். யாரு வுடுறாங்க?" என்று அவள் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்தாள். விரித்துக் கிடந்த புடவையை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அம்மா நேரமாகிறது என்றார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.